சோயா மொச்சையில் விதைவழி வைரஸ் நோய்கள்: விதைச் சோதனை முதல் எதிர்ப்பு ரகத் தேர்வு வரை முழுமையான வழிகாட்டி

ஒரு ஹெக்டேருக்கு 3 லட்சம் சோயா மொச்சைச் செடிகள் நிற்கும் வயலை எடுத்துக்கொள்வோம். விதைத்த விதையில் நூற்றுக்கு ஒன்று மட்டுமே வைரஸைத் தன் கருவில் சுமந்திருந்தாலும், பயிர் முளைத்த முதல் வாரத்திலேயே அந்த வயலில் 3,000 நோய்ச் செடிகள் இருக்கும். அதாவது ஏறத்தாழ ஒவ்வொரு 3.3 சதுர மீட்டருக்கும் ஒரு செடி. வெளியிலிருந்து வரும் நோய் பெரும்பாலும் வயலின் ஓரத்தில் தொடங்கும், ஆனால் விதையோடு வரும் நோய் விதை விழுந்த இடமெங்கும் பரவலாகத் தொடங்குகிறது. அதன் பின் வயலில் வந்து இறங்கும், வைரஸைச் செடிக்குச் செடி கடத்தும் சாறுறிஞ்சிப் பூச்சியான ஒவ்வொரு அசுவினிக்கும் நோய்ச் செடி மிக அருகிலேயே கிடைத்துவிடுகிறது. எனவே சோயா மொச்சையின் வைரஸ் நோய்களில் மிக முக்கியமான முடிவு விதைப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்த முடிவை எவ்வாறு எடுப்பது, பின்னர் வயலில் எவற்றைச் செய்யலாம், எதிர்ப்பு ரகங்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை விதைப் பயிர் வளர்ப்போருக்கும், சொந்த விதையைச் சேமித்துப் பயன்படுத்துவோருக்கும், பயிர்ப் பெருக்கத்தில் (புதிய ரகங்களை உருவாக்கும் பணியில்) ஈடுபட்டிருப்போருக்கும் பயன்படும் வகையில் கீழே விளக்கியிருக்கிறேன்.

முதல் படி: எந்த வைரஸ் என்பதைத் தெரிந்துகொள்ளுதல்

சோயா மொச்சையைத் தாக்கும் வைரஸ்கள் பல இருப்பினும், விதை வழியாகக் குறிப்பிடத்தக்க அளவில் கடத்தப்படுபவை சிலவே. அவற்றில் முதன்மையானது சோயா மொச்சை தேமல் வைரஸ். இது போட்டிவைரஸ் இனத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 9,600 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஒற்றை இழை ஆர்என்ஏவை மரபுப்பொருளாகக் கொண்டது. வளையும் தன்மையுள்ள இழை வடிவத் துகள்களாகக் காணப்படுவது. 1921இலேயே கார்ட்னர், கென்ட்ரிக் ஆகிய இருவரும் இந்நோய் விதை வழியாகக் கடத்தப்படுவதை எடுத்துக்காட்டினார்கள். பெரும்பாலான ரகங்களில் விதைவழிக் கடத்தல் 5 விழுக்காட்டுக்குள் இருக்கும். ஆனால் எளிதில் இலக்காகும் ரகங்களில், செடி இளமையிலேயே தொற்றுக்கு உள்ளானால், 30 விழுக்காட்டையும் தாண்டக்கூடும்.

இதன் அறிகுறிகள் முதலில் இளம் இலைகளில் தென்படும். வெளிர் பச்சையும் கரும்பச்சையும் கலந்த தேமல், நடு நரம்பை ஒட்டிக் கொப்புளம் போன்ற மேடுகள், இலை விளிம்பு கீழ்நோக்கிச் சுருளுதல், கணுவிடைகள் குறுகிச் செடி குட்டையாதல், காய்கள் குறைதல், முதிர்ச்சி தாமதமாதல் ஆகியவை தொடர்ந்து வரும். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இந்த அறிகுறிகள் மங்கிவிடும். 20 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த நாட்களில் மிகத் தெளிவாகத் தெரியும். ஆகவே கடும் வெயில் நாட்களில் வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு நோயில்லை என்று முடிவு செய்வது தவறு.

புகையிலை வளையப்புள்ளி வைரஸ் அரிதாக வருவது, ஆனால் வந்தால் கடுமையானது. நுனிமொட்டு பழுப்பாகிக் கொக்கியைப் போல வளைந்து, தொட்டால் ஒடியும் நிலைக்கு வந்துவிடுவதால் இந்நோய் மொட்டுக் கருகல் எனப்படுகிறது. தண்டைப் பிளந்து பார்த்தால் உட்சோறு பழுப்பாக இருக்கும். மற்ற செடிகள் காய்ந்து அறுவடைக்குத் தயாராகும் வேளையில் நோய்ச் செடிகள் பச்சையாகவே நிற்கும். பூப்பதற்கு முன் தொற்றிய செடிகள் தரும் சொற்ப விதைகளில் ஏறத்தாழ எல்லாமே வைரஸைச் சுமந்திருக்கக்கூடும். இவ்வைரஸைக் கடத்துவதாக அறியப்பட்ட நூற்புழு சோயா மொச்சையில் அதைத் திறம்படப் பரப்புவதில்லை என்பதால், விதைவழிக் கடத்தலே இதில் கவனிக்க வேண்டிய பாதை.

புகையிலைக் கீற்று வைரஸ் விதை வழியாகவும், இலைப்பேன்கள் சுமந்து செல்லும் மகரந்தத்தின் வழியாகவும் பரவுகிறது. வெள்ளரித் தேமல் வைரஸின் சோயா மொச்சைக்குரிய வகை, முன்னர் குட்டை நோய் வைரஸ் என்று தனிப்பெயரில் அழைக்கப்பட்டது. அதுவும் அசுவினி வழியாகவும் விதை வழியாகவும் செல்வதே.

பீன்ஸ் காய்ப்புள்ளி வைரஸைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அதன் விதைவழிக் கடத்தல் மிகமிகக் குறைவு. இலை தின்னும் வண்டுகளே அதைப் பரப்புகின்றன. ஆயினும் அது தேமல் வைரஸுடன் ஒரே செடியில் சேரும்போது இரண்டின் பாதிப்பும் கூட்டுத்தொகையைவிடப் பன்மடங்கு பெருகி, செடி மிகக் கடுமையாகக் குன்றிவிடுகிறது. தேமல் வைரஸ் மட்டும் பொதுவாக 8 முதல் 35 விழுக்காடு வரை மகசூலைக் குறைக்கும் என்று கணக்கிடப்படுகிறது. இரண்டும் சேர்ந்தால் இழப்பு பாதிக்கு மேல் போகும். வண்டு கொண்டுவரும் வைரஸை விதைச் சோதனையால் தடுக்க முடியாது என்றாலும், அதன் கூட்டாளியை விதையிலேயே தடுத்துவிட்டால் இந்தக் கூட்டுத் தாக்குதல் நிகழும் வாய்ப்பு குறையும்.

மஞ்சள் தேமல் நோயை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது வெள்ளை ஈயால் பரவும் வேறொரு குடும்பத்து வைரஸ்களால் வருவது; பளிச்சென்ற மஞ்சள் திட்டுகளே அதன் அடையாளம். அந்நோய்க்கு வெள்ளை ஈ மேலாண்மையும் அதற்கென உள்ள எதிர்ப்பு ரகங்களுமே வழி. களைக்கொல்லிப் பாதிப்பும் அடிக்கடி தேமல் நோயாகத் தவறாகக் கருதப்படுகிறது. 2,4-டி, டைகாம்பா போன்ற மருந்துகள் காற்றில் அடித்து வந்தால் இளம் இலைகள் குவிந்து சுருங்கும். ஆனால் அத்தகைய பாதிப்பு மருந்து வந்த திசையிலிருந்து படிப்படியாகக் குறைந்து செல்லும், அடுத்தடுத்த செடிகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கும், பச்சையும் வெளிர்பச்சையும் கலந்த தேமல் இருக்காது. விதைவழி வைரஸோ நலமான செடிகளுக்கு நடுவே ஒற்றை ஒற்றையாகத் தோன்றும்.

இரண்டாம் படி: வைரஸ் விதைக்குள் நுழையும் பாதையைப் புரிந்துகொள்ளுதல்

விதையின் உறை தாய்ச் செடியின் திசு. உள்ளே இருக்கும் கரு அடுத்த தலைமுறை. இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்தாமல் எந்தச் சோதனை முடிவையும் சரியாகப் படிக்க முடியாது. தாய்ச் செடி தொற்றுக்கு உள்ளானால் அதன் விதையுறைகளில் வைரஸ் எளிதாகச் சென்றடைகிறது. ஆனால் விதை முற்றி உலரும்போது உறையில் உள்ள வைரஸ் பெரும்பாலும் தொற்றும் ஆற்றலை இழந்துவிடுகிறது. கருவுக்குள் நுழைந்த வைரஸ்தான் உலர்ந்த விதையிலும் உயிர்ப்புடன் இருந்து, முளைக்கும் செடியை நோய்ச் செடியாக்குகிறது. தாயின் திசுவுக்கும் கருவுக்கும் இடையே நேரடி இணைப்புக் குழாய்கள் இல்லை என்பதால் கருவை எட்டுவது வைரஸுக்கு எளிதன்று. இதனால்தான் ஒரே நோய்ச் செடியின் விதைகளில் சிலவற்றில் மட்டும் வைரஸ் இருக்கிறது.

இங்கே காலம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பூப்பதற்கு முன் தொற்றிய செடிகளிலிருந்தே நோய் விதைகள் மிகுதியாக வருகின்றன. பூத்த பின் தொற்றிய செடிகளில் விதைவழிக் கடத்தல் பெரிதும் குறைந்துவிடுகிறது. ஆகவே விதைப் பயிரில் நம் நோக்கம் தொற்றை முழுமையாக ஒழிப்பது என்பதைவிட, தொற்று பூக்கும் பருவத்துக்கு முன் வராமல் தள்ளிவைப்பது என்று கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

விதையில் தெரியும் கறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேமல் வைரஸ் தாக்கிய செடிகளின் மஞ்சள் நிற விதைகளில், தழும்பிலிருந்து (விதை காயோடு ஒட்டியிருந்த இடத்திலிருந்து) பழுப்பு அல்லது கறுப்பு நிறம் கசிந்து பரவியது போன்ற கறை உண்டாகும். பலரும் இக்கறையை வைரஸின் நேரடி அடையாளமாகக் கருதி, கறை படிந்த விதைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியை நல்ல விதையென்று விதைக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. மஞ்சள் விதையுறை கொண்ட ரகங்களில், நிறமியை உண்டாக்கும் சால்கோன் சின்தேஸ் மரபணுக்களைச் செடியே தன் ஆர்என்ஏ அமைதியாக்க முறையால் அடக்கி வைத்திருக்கிறது. வைரஸ் தன்னைக் காத்துக்கொள்வதற்காக இந்த அமைதியாக்க முறையை முடக்கும் புரதத்தை உற்பத்தி செய்கிறது. அதன் விளைவாக அடங்கியிருந்த நிறமி மரபணுக்கள் விழித்துக்கொண்டு விதையுறையில் நிறம் தோன்றுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் இதைத் தெளிவாக விளக்கினார்கள்.

உறை தாயின் திசு என்பதால், கறை சொல்வது தாய்ச் செடியின் நிலையை மட்டுமே. கறை படிந்த விதையின் கரு தூய்மையாக இருக்கலாம். கறையே இல்லாத விதையின் கருவில் வைரஸ் இருக்கலாம். வேறு வைரஸ்களாலும், விதை வளரும் காலத்தில் நிலவும் குளிராலும்கூட இத்தகைய கறை வரும். எனவே ஒரு விதைக் குவியலில் கறை படிந்த விதைகள் இருந்தால், அந்தக் குவியல் முழுவதையும் ஐயத்துக்குரியதாகக் கொண்டு சோதனைக்கு அனுப்ப வேண்டும். கறை விதைகளை நிறம் பிரிக்கும் இயந்திரத்தால் நீக்கிய பிறகு சோதிப்பது, என் பார்வையில், இருப்பவற்றிலேயே ஆபத்தான பழக்கம். அது வைரஸை நீக்குவதில்லை. வைரஸ் இருக்கக்கூடும் என்று எச்சரிக்கும் சான்றை மட்டுமே நீக்குகிறது.

பூஞ்சாணக்கொல்லி விதை நேர்த்தியால் கருவுக்குள் இருக்கும் வைரஸை ஒன்றும் செய்ய இயலாது. விதையைச் சில மாதங்கள் சேமித்து வைப்பதும் தீர்வாகாது. கருவைக் கொல்லாமல் வைரஸை மட்டும் அழிக்கும் வெப்ப நேர்த்தியும் வயல் அளவில் சோயா மொச்சைக்கு நடைமுறையில் இல்லை. தொற்றிய விதைக் குவியலைத் திருத்தி நல்ல விதையாக்கும் வழி இல்லை என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால், அடுத்து வரும் சோதனையின் முக்கியத்துவம் விளங்கும்.

மூன்றாம் படி: விதை மாதிரி எடுத்துச் சோதித்தல்

எத்தனை விதைகளைச் சோதிப்பது என்பதே முதல் கேள்வி. எத்தனை விழுக்காடு தொற்றைக் கண்டுபிடிக்க விரும்புகிறோமோ, அதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். எளிய விதி ஒன்று உண்டு: 3 என்ற எண்ணைத் தொற்று விகிதத்தால் வகுத்தால், 95 விழுக்காடு உறுதியுடன் குறைந்தது ஒரு நோய் விதையையாவது பிடிக்கத் தேவையான எண்ணிக்கை கிடைக்கும். 1 விழுக்காடு தொற்றைப் பிடிக்க ஏறத்தாழ 300 விதைகள், 0.5 விழுக்காட்டுக்கு 600, 0.1 விழுக்காட்டுக்கு 3,000 விதைகள் தேவை. ஐம்பது விதைகளை முளைக்கவைத்துப் பார்த்து நோயில்லை என்று சொல்வதற்கு எந்தப் பொருளும் இல்லை. 5 விழுக்காட்டுக்கு மேல் தொற்றிய குவியல்கூட அத்தகைய சோதனையில் சில வேளைகளில் தப்பிவிடும்.

மாதிரியை மூட்டையின் மேற்பகுதியிலிருந்து மட்டும் அள்ளாமல், பல மூட்டைகளின் மேல், நடு, அடிப்பகுதிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து தேவையான எண்ணிக்கையை எண்ணி எடுக்க வேண்டும். நோய்ச் செடிகள் வயலில் திட்டுத்திட்டாக நின்றிருந்தால் அவற்றின் விதைகளும் சில மூட்டைகளில் குவிந்திருக்கும்.

ஆய்வக வசதி இல்லாதவர்களுக்கும் கைவரக்கூடியது முளைப்புச் சோதனை. பூச்சி புகாத வலைக்கூடத்தில் தட்டுகளிலோ பைகளிலோ விதைத்து, வெப்பநிலையை 20 முதல் 25 டிகிரிக்குள் வைத்து, இரண்டு மூன்று வாரங்கள் கவனிக்க வேண்டும். வித்திலைகளுக்கு அடுத்து எதிரெதிராக வரும் இரண்டு தனி இலைகளிலும், அதன் பின் வரும் முதல் மூவிலையிலும் தேமலும் கீழ்ச்சுருளலும் தோன்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். வலையில் ஒரு கிழிசல் இருந்து அசுவினி நுழைந்தாலும் முடிவு கெட்டுவிடும். ஆகவே வைரஸ் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு விதைக் குவியலை அருகிலேயே வளர்த்து, அதில் நோய் வரவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சில நோய்ச் செடிகள் அறிகுறியே காட்டுவதில்லை. அவற்றையும் பிடிக்க, முளைத்த செடிகளின் இலைகளை எலைசா (வைரஸின் புரதத்தைக் கண்டறியும் சோதனை) அல்லது ஆர்டி-பிசிஆர் (வைரஸின் ஆர்என்ஏவைக் கண்டறியும் சோதனை) முறையில் சோதிப்பது நல்லது. உலர்ந்த விதையை அப்படியே அரைத்து இம்முறைகளில் சோதித்தால், உறையில் தங்கிய செயலற்ற வைரஸின் புரதமும் ஆர்என்ஏவும் சேர்ந்து கணக்கில் வரும். உண்மையில் முளைக்கும் நோய்ச் செடிகளைவிடக் கூடுதலான விகிதம் காட்டப்படும். விதையையே சோதிக்க நேர்ந்தால், இரவு முழுதும் ஊறவைத்து, உறையை உரித்து, கருவை மட்டும் எடுக்க வேண்டும். ஆய்வக அறிக்கை கையில் கிடைத்தால், எந்தப் பகுதி சோதிக்கப்பட்டது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முழு விதையைச் சோதித்துப் பெற்ற 4 விழுக்காடும், முளைத்த செடியின் இலையைச் சோதித்துப் பெற்ற 4 விழுக்காடும் ஒன்றல்ல.

செலவைக் குறைக்க, பத்துப் பத்து செடிகளின் இலைகளை ஒரு தொகுதியாகச் சேர்த்துச் சோதிக்கலாம். 400 செடிகளை 40 தொகுதிகளாகப் பிரித்ததில் 6 தொகுதிகளில் வைரஸ் இருப்பதாகத் தெரிந்தால், நலமான தொகுதிகளின் பங்கு 0.85. அந்த எண்ணின் பத்தாம் படிமூலம் ஏறத்தாழ 0.984, அதை 1இலிருந்து கழித்தால் தொற்று விகிதம் 1.6 விழுக்காடு என்று கிடைக்கும். ஒரு தொகுதிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்ச் செடிகள் இருந்திருக்கலாம் என்பதை இக்கணக்கு கருத்தில் கொள்கிறது. பெரும்பாலான தொகுதிகள் நோய் காட்டும் அளவுக்குத் தொற்று மிகுந்திருந்தால் தொகுதியின் அளவைக் குறைத்து மீண்டும் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பீடு நம்பத்தக்கதாக இராது.

நான்காம் படி: சோதனை முடிவை வைத்துத் தீர்மானித்தல்

அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு விதை தரப்போகும் ஆதார விதையில் ஒரு நோய் விதைகூட இருக்கக் கூடாது என்ற கொள்கையைக் கடைப்பிடிப்பதே சரி. 3,000 செடிகளைச் சோதிப்பது பெரும் வேலைதான். ஆனால் ஆதார விதையில் விட்டுவிட்ட தொற்று, விதைப் பெருக்கத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அசுவினியின் துணையோடு வளர்ந்து, பல வயல்களுக்கும் போய்ச் சேரும். தானியத்துக்காக மட்டும் பயிரிடும்போது 0.5 விழுக்காட்டுக்கும் குறைவான தொற்று, அசுவினி வரத்து தாமதமாக இருக்கும் இடங்களில், பெரிய இழப்பைத் தராமல் போகலாம். அசுவினி இளம் பயிரிலேயே திரளும் இடங்களில் அதே அளவு தொற்று வயல் முழுவதையும் பிடித்துவிடும். ஆகவே எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒற்றை எல்லையை நான் பரிந்துரைக்க விரும்பவில்லை. அசுவினி வரும் காலத்தையும் தொற்று விகிதத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும். நிராகரித்த விதையை, மருந்து நேர்த்தி செய்யாததாயின், தானியமாகப் பயன்படுத்துவதில் தடையில்லை. இந்த வைரஸ்கள் செடிகளைத் தாக்குபவை, மனிதரையோ கால்நடையையோ அல்ல.

ஐந்தாம் படி: விதைப் பயிரை வயலில் காத்தல்

தேமல் வைரஸ் இயற்கையில் தாக்கும் செடி வகைகள் குறைவு. களைகளில் பெருமளவு பதுங்கியிருந்து திரும்பி வரும் வைரஸ் அன்று இது. நோய் விதையும், முந்தைய பயிரில் சிந்திய விதையிலிருந்து தானே முளைத்த செடிகளும், அருகிலுள்ள மற்ற சோயா மொச்சை வயல்களுமே அதன் முக்கிய இருப்பிடங்கள். நமக்குச் சாதகமான இந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்ள, சோதித்த விதையை, தானே முளைத்த செடிகள் நீக்கப்பட்ட நிலத்தில், சோதிக்கப்படாத விதையால் வளர்க்கப்படும் வயல்களிலிருந்து விலக்கி விதைக்க வேண்டும். அசுவினிகளின் பெருவரத்துக்கு முன் பயிர் பூக்கும் பருவத்தை எட்டும்படி விதைப்புக் காலத்தை முன்தள்ளுவது, வாய்ப்புள்ள இடங்களில், மிகுந்த பலன் தரும்.

பூச்சிக்கொல்லியைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அசுவினி இந்த வைரஸைத் தன் வாயுறுப்பின் நுனியில் ஏந்திச் செல்கிறது. நோய்ச் செடியில் சில விநாடிகள் குத்திப் பார்த்தாலே வைரஸ் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியில் அதேபோல் சில விநாடிகளில் இறங்கிவிடும். முப்பதுக்கும் மேற்பட்ட அசுவினி இனங்கள் இதைக் கடத்தக்கூடியவை; அவற்றில் பெரும்பாலானவை சோயா மொச்சையில் குடியேறுவதே இல்லை, வழிப்போக்கில் இறங்கி, சுவைத்துப் பார்த்து, அடுத்த செடிக்குப் பறந்துவிடுபவை. மருந்து தெளித்த இலையில் அமரும் அசுவினி இறப்பதற்குள் வைரஸ் கடத்தப்பட்டுவிடுகிறது. ஆதலால் பூச்சிக்கொல்லித் தெளிப்போ, பூச்சிக்கொல்லி விதை நேர்த்தியோ தேமல் வைரஸின் பரவலை நம்பத்தகுந்த அளவில் தடுப்பதில்லை. சோயா மொச்சையிலேயே குடியேறும் அசுவினி இனம் பெருகிச் சாற்றை உறிஞ்சும்போது மருந்து தேவைப்படலாம். அது வேறு காரணத்துக்கான வேறு முடிவு. கனிம எண்ணெய்த் தெளிப்பு வைரஸ் கடத்தலைக் குறைக்கும், ஆனால் புதிதாக விரியும் ஒவ்வொரு இலையையும் மூடும்படி அடிக்கடி தெளிக்க வேண்டியிருப்பதால், சிறிய ஆதார விதைப் பாத்திகளுக்கு மட்டுமே பொருந்தும். வயலைச் சுற்றி மக்காச்சோளம் அல்லது சோளத்தை அடர்த்தியாக விதைத்தால், பறந்து வரும் அசுவினிகள் முதலில் அவற்றில் குத்திப் பார்த்து வாயிலுள்ள வைரஸை அங்கேயே இழந்துவிட வாய்ப்புண்டு.

முளைத்த முதல் மூன்று நான்கு வாரங்கள் கலவன் அகற்றும் (நோய்ச் செடிகளைப் பிடுங்கி நீக்கும்) காலம். இக்காலத்தில் காணப்படும் நோய்ச் செடிகள் ஏறத்தாழ அனைத்தும் விதையிலிருந்து வந்தவையே. அவற்றை அகற்றினால் பரவலின் ஊற்று அடைபடும். காலை வேளையிலோ மேகமூட்டமான நாளிலோ, வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நடந்து, வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும். பிடுங்கிய செடியை வயலிலேயே போடாமல் பையில் இட்டு வெளியே கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். வாரம் ஒருமுறை பூக்கும் வரை இதைத் தொடர வேண்டும். பூத்த பின் புதிதாக அறிகுறி காட்டும் செடிகளை அகற்றுவதால் பரவல் பெரிதாகக் குறையாது. ஆயினும் விதைப் பயிரில் அவற்றைக் குறித்துவைத்து, தனியே அறுவடை செய்து விதையிலிருந்து விலக்குவது நல்லது.

ஆறாம் படி: எதிர்ப்பு ரகத்தைத் தேர்ந்தெடுத்தல்

எதிர்ப்பு ரகம் என்ற சொல் விதைப்பையில் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்ததும் பலர் சோதனையைக் கைவிட்டுவிடுகிறார்கள். எதற்கு எதிரான எதிர்ப்பு என்ற கேள்வியைக் கேட்காமல் அச்சொல்லை நம்பக் கூடாது. 1979இல் சோ, குட்மன் ஆகிய ஆய்வாளர்கள் அமெரிக்க மரபுவளச் சேகரிப்பிலிருந்த விதைகளிலிருந்து பெற்ற 98 வைரஸ் மாதிரிகளை, வெவ்வேறு ரகங்களில் அவை உண்டாக்கும் விளைவுகளைக் கொண்டு ஜி1 முதல் ஜி7 வரை ஏழு வகைகளாகப் பிரித்தார்கள். சீனாவிலும் ஜப்பானிலும் வேறு வகைப்பாடுகள் பயன்பாட்டில் உள்ளன. ஒரு ரகம் ஒரு வகையைத் தடுத்து மற்றொன்றுக்கு இடம் கொடுக்கலாம்.

எதிர்ப்பு மரபணுக்களில் நன்கு ஆராயப்பட்டவை மூன்று. 13ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்எஸ்வி1 ஜி1 முதல் ஜி6 வரை முழு எதிர்ப்பைத் தருகிறது. ஆனால் ஜி7 வந்தால் செடி கருகிச் சாகும் அளவுக்கு எதிர்வினை உண்டாகிறது. இம்மரபணுவுக்கும் பல மாற்று வடிவங்கள் உண்டு. அவற்றின் எதிர்ப்பு எல்லைகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். 14ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்எஸ்வி3 ஜி5 முதல் ஜி7 வரை தடுக்கிறது. ஜி1 முதல் ஜி4 வரையிலான வகைகளுக்கு இடம் கொடுத்துவிடுகிறது. 2ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்எஸ்வி4 ஏழு வகைகளையும் தடுக்கிறது, ஆயினும் அது வைரஸ் செடியில் பரவுவதைத் தாமதப்படுத்தும் தன்மை கொண்டது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும்போது உருவாகும் இரட்டை இழை ஆர்என்ஏவைச் சிதைக்கும் புரதத்தை இம்மரபணு உருவாக்குகிறது என்பது 2019இல் கண்டறியப்பட்டது. நோய் எதிர்ப்பு மரபணுக்களில் வழக்கமாகக் காணும் அமைப்பிலிருந்து இது மிகவும் மாறுபட்டது.

ஒற்றை மரபணுவை மட்டும் நம்பிப் பெரும்பரப்பில் பயிரிட்டால், அதை மீறும் வைரஸ் வகை தோன்றிப் பரவ வாய்ப்பு கூடுகிறது. வைரஸின் புரதங்களில் ஓரிரு மாற்றங்களே ஒரு மரபணுவை மீறப் போதுமானவையாக இருக்கலாம். ஆர்எஸ்வி1, ஆர்எஸ்வி3 இரண்டையும் ஒரே ரகத்தில் சேர்த்தால் ஒன்று விட்டதை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். மூன்றையும் சேர்த்தால் வைரஸ் ஒரே நேரத்தில் பல தடைகளைக் கடக்க வேண்டியிருக்கும். டிஎன்ஏ குறியீடுகளைக் கொண்டு இவற்றை ஒன்றுசேர்ப்பது இன்று நடைமுறையில் உள்ளது. ரகம் வாங்கும்போது எந்த மரபணு உள்ளது, எந்த வைரஸ் வகைகளுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது என்று எழுத்துபூர்வமாகக் கேட்பது விதை வாங்குவோரின் உரிமை. இம்மரபணுக்கள் தேமல் வைரஸுக்கு எதிரானவை என்பதையும், வளையப்புள்ளி வைரஸுக்கோ கீற்று வைரஸுக்கோ இவற்றால் பாதுகாப்பு இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தாங்குதிறனை எதிர்ப்புத்திறனாக எண்ணி ஏமாறுவது இன்னும் பெரிய சிக்கல். தாங்குதிறன் கொண்ட ரகத்தில் வைரஸ் தாராளமாகப் பெருகும், ஆனால் அறிகுறி மெல்லியதாகவே தெரியும், மகசூலும் பெரிதாகக் குறையாது. அந்த வயலுக்கு உரியவருக்கு அது நல்ல ரகமாகவே தோன்றும். ஆனால் கலவன் அகற்ற வருபவரின் கண்ணுக்குத் தப்பி, விதை வழியாகவும் அசுவினி வழியாகவும் அந்த வைரஸ் அடுத்த வயலுக்குப் போகிறது. விதைப் பயிருக்கு இத்தகைய ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆய்வகச் சோதனை கட்டாயம் தேவை.

இவற்றோடு விதைவழிக் கடத்தலுக்கான எதிர்ப்பு என்பது தனிப் பண்பு. சில ரகங்களில் செடி தொற்றுக்கு உள்ளானாலும் கருவுக்குள் வைரஸ் செல்வது மிகக் குறைவு. இப்பண்பை ஒன்றுக்கு மேற்பட்ட மரபிடங்கள் கட்டுப்படுத்துவதால் இதைப் புதிய ரகத்தில் கொண்டுவருவது கடினம். அப்படியிருந்தும் பயிர்ப் பெருக்கத்தில் இதற்குக் கிடைக்கும் கவனம் போதாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு புதிய வைரஸ் வகை ஆர்எஸ்வி மரபணுக்களை மீறினாலும், விதை வழியை அடைக்கும் பண்பு இருந்தால் அந்த வகை அடுத்த பருவத்துக்குக் கடந்து செல்லும் வாய்ப்பு குறையும்.

ஏழாம் படி: பயிர்ப் பெருக்கத்தில் எதிர்ப்பைச் சோதித்தல்

இந்தப் படி ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் உரியது. நோய் இலையைக் குளிர்ந்த பாஸ்பேட் தாங்கல் கரைசலில் அரைத்து, முழுதும் விரிந்த முதல் தனி இலைகளில் இலையில் நுண்கீறல் உண்டாக்கும் நுண்ணிய கார்போரண்டம் தூளைத் தூவி, சாற்றை மென்மையாகத் தேய்த்து, உடனே நீரால் கழுவிவிட வேண்டும். வைரஸ் வகைகளைக் கலந்து ஏற்றாமல், ஒவ்வொரு வகையையும் தனித்தனிச் செடித் தொகுதியில் சோதிக்க வேண்டும். கலந்தால் எந்த வகைக்கு எந்த எதிர்வினை என்று பிரித்தறிய முடியாது. எளிதில் இலக்காகும் ரகம் ஒன்றும், சாறு ஏற்றாத செடிகளும் ஒவ்வொரு சோதனையிலும் உடன் இருக்க வேண்டும். இலக்காகும் ரகத்தில் நோய் வராத சோதனையின் முடிவுகள் எதற்கும் உதவாது.

இரண்டு முதல் நான்கு வாரங்களில் எதிர்வினையை நலம், தேமல், கருகல் என்று பதிவுசெய்து, நலமாகத் தெரியும் செடிகளின் மேல் இலைகளை எலைசாவால் உறுதிப்படுத்த வேண்டும். ஆர்எஸ்வி4 கொண்ட செடிகளை இன்னும் நீண்ட நாட்கள், பூக்கும் வரையாவது, கவனிக்க வேண்டும். ஆர்எஸ்வி1 கலப்பு நிலையில் இருக்கும் செடிகள், அதாவது ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அம்மரபணுவைப் பெற்றவை, வைரஸ் ஏற்றும்போது பல நேரங்களில் கருகல் காட்டும். கலப்பினத்தின் முதல் தலைமுறை கருகிவிட்டதைக் கண்டு எதிர்ப்பில்லை என்று அந்த வரிசையை ஒதுக்கிவிடாமல், அடுத்த தலைமுறையில் பிரிந்து வரும் செடிகளைப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

எட்டாம் படி: அறுவடையும் ஆவணமும்

வைரஸ் தாக்கிய செடிகளின் காய்களில் ஃபோமாப்சிஸ் பூஞ்சாணம் எளிதாகப் பற்றுவதால், முதிர்ந்த பயிரை வயலில் நெடுநாள் விடாமல் அறுக்க வேண்டும். கதிரடிக்கும் களத்தையும் இயந்திரத்தையும் முன்னதாகச் சுத்தம் செய்து, சோதித்த விதையும் சோதிக்காத விதையும் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குவியலின் சீட்டிலும் தாய் விதையின் சோதனை முடிவு, சோதித்த முறை, அகற்றிய நோய்ச் செடிகளின் எண்ணிக்கை, அவை காணப்பட்ட பருவம் ஆகியவை இடம்பெற வேண்டும்.

ஒவ்வொரு விதைக் குவியலிலிருந்தும் ஆயிரம் விதைகளையாவது தனியே எடுத்து, உலர்ந்த, குளிர்ந்த இடத்தில், அந்தப் பயிர் அறுவடையாகும் வரை வைத்திருங்கள். வயலில் தேமல் கண்டால், அந்த விதையை வலைக்கூடத்தில் முளைக்கவைத்துப் பார்த்து, நோய் விதையோடு வந்ததா, வெளியிலிருந்து அசுவினி கொண்டுவந்ததா என்பதை ஒரு மாதத்துக்குள் பிரித்தறியலாம். முதலாவது என்றால் அடுத்த முறை விதையின் மூலத்தை மாற்ற வேண்டும். இரண்டாவது என்றால் விதைப்புக் காலத்தையும் பயிர் விலகு தூரத்தையும் மாற்ற வேண்டும்.